நல்ல எண்ணம் சரி, எண்ணிக்கையும் வேண்டும்

கேள்வி இது: "முதல் குழந்தை பிறக்க இரண்டு மாதம் இருக்கிறது. எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது மட்டும் நன்றாகத் தெரிகிறது. நல்ல அப்பா அம்மாவாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது. அது போதுமா? எங்கே சறுக்கும்?"

தொடங்குவதற்குப் போதும். ஆனால் நல்ல எண்ணத்தில் ஒரு சிக்கல் உண்டு. நாம் தப்பாகச் செய்துகொண்டிருக்கும்போதும் அது நல்ல எண்ணமாகவே இருக்கும், மனசும் உறுத்தாது. இதற்குப் பெரிய உதாரணம் ஒன்று இருக்கிறது. பெஞ்சமின் ஸ்பாக் என்ற அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் 1946-இல் எழுதிய வளர்ப்பு நூல் கோடிக்கணக்கில் விற்றது. அதன் 1950களின் பிற்பகுதிப் பதிப்புகள், குழந்தையைக் குப்புறப் படுக்கவைப்பதே நல்லது என்றன. சொன்ன காரணமும் நியாயமாகத்தான் பட்டது: மல்லாந்து கிடக்கும் குழந்தை பாலைக் கக்கினால் மூச்சு அடைத்துக்கொள்ளும். லட்சக்கணக்கான பெற்றோர் அக்கறையோடு அதைக் கடைப்பிடித்தார்கள். குப்புறப் படுப்பதற்கும் திடீர்ச் சிசு மரணத்துக்கும் உள்ள தொடர்பு 1970 வாக்கில் கையிலிருந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும் என்று 2005-இல் வந்த ஒரு மறுஆய்வு காட்டியது. அப்போதே அறிவுரையை மாற்றியிருந்தால் பிரிட்டனில் சுமார் 10,000 குழந்தைகளும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியப் பகுதிகளில் குறைந்தது 50,000 குழந்தைகளும் பிழைத்திருக்கலாம் என்பது அதன் கணக்கு. பிரிட்டனில் 1991-இலும் அமெரிக்காவில் 1992-இலும்தான் அறிவுரை மாறியது. அதற்குப் பிறகு அமெரிக்காவில் இந்த மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

ஆகவே பணிவு என்றால் "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே இருப்பது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். "நான் செய்வது தப்பாக இருந்தால் அது எனக்கு எந்த வழியாகத் தெரியவரும்?" என்று முன்கூட்டியே கேட்டுவைப்பதுதான் இங்கே உதவும். முதல் மாதத்தில் அதற்கான வழிகள் பெரும்பாலும் எண்ணக்கூடியவை, தொட்டுப் பார்க்கக்கூடியவை. கீழே சொல்வதெல்லாம் நிறைமாதத்தில் பிறந்த, ஆரோக்கியமான குழந்தைக்கு. குறைமாதக் குழந்தை என்றால் மருத்துவர் தரும் கணக்கே வேறு.

தூக்கத்தை முதலில் முடித்துவிடுவோம். மல்லாக்கத்தான், ஒவ்வொரு முறையும், பகல் தூக்கத்துக்கும். கக்கினால் அடைக்காதா என்ற பயம் இன்னும் எல்லோருக்கும் இருக்கிறது. மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் அதற்குக் கீழேயும் இருக்கும். மேலேறி வரும் பால் தாழ்ந்த பக்கம்தான் தேங்கும், அங்கிருந்து குழந்தை விழுங்கிவிடும். குப்புறக் கிடந்தால் இது தலைகீழாகிறது. மெத்தை அழுத்தினால் குழியாத அளவுக்குக் கெட்டியாக, சமதளமாக இருக்கட்டும். தலையணை, பஞ்சு பொம்மை, தளர்ந்த போர்வை எதுவும் வேண்டாம். குழந்தையின் படுக்கை குறைந்தது முதல் ஆறு மாதம் உங்கள் அறையிலேயே, ஆனால் தனியாக இருப்பது நல்லது. எல்லாவற்றையும் விட ஆபத்தானது, நடு இரவில் சோபாவில் சாய்ந்தபடி குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு அசந்துபோவது. குழந்தை மெத்தை இடுக்கில் நழுவி முகம் புதைந்துபோகும். கண் சொக்குகிறது என்றால் சோபாவை விட்டு எழுந்துவிடுங்கள்.

இனி பால். முதல் இரண்டு வாரம் வீட்டில் நடக்கும் பதற்றத்தில் பாதி இதைச் சுற்றித்தான் இருக்கும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடுவது நல்லது. முதல் சில நாள் வருவது சீம்பால். அளவு கரண்டிக் கணக்குதான், குழந்தைக்கு அது போதும். பால் நிறையச் சுரக்கத் தொடங்குவது பொதுவாக இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் நடுவில். அதுவரை குழந்தையின் எடை குறையும். பிறந்த எடையில் 7 சதவீதம் வரை குறைவது சாதாரணம், 10 சதவீதத்தைத் தொட்டால் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும், பிறகு நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறும். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை குடிக்கும். கடிகாரம் பார்த்துக் கொடுக்காதீர்கள். தலையைத் திருப்பித் தேடுவது, கையை வாய்க்குக் கொண்டுபோவது, நாக்கை நீட்டுவது எல்லாம் பசி. அழுகை பசியின் கடைசிக் கட்டம். அழத் தொடங்கிய குழந்தைக்கு மார்பைப் பிடிக்கவைப்பது கடினம்.

எவ்வளவு உள்ளே போகிறது என்று தெரியாது. எவ்வளவு வெளியே வருகிறது என்று தெரியும். முதல் நாள் ஒரு ஈர டயப்பர், இரண்டாம் நாள் இரண்டு என்று ஏறி, ஐந்தாம் நாளிலிருந்து தினம் குறைந்தது ஆறு இருக்க வேண்டும். இப்போதைய டயப்பர்கள் உறிஞ்சிக்கொள்வதால் ஈரமா இல்லையா என்று கைக்குத் தெரியாது. குழந்தை பிறக்கும் முன்பே ஒரு புது டயப்பரில் மூன்று மேசைக்கரண்டி, அதாவது சுமார் 45 மில்லி தண்ணீரை ஊற்றித் தூக்கிப் பாருங்கள். அந்த கனம் கையில் பதிந்துவிடும். மலம் முதல் இரண்டு நாள் தார் மாதிரிக் கருப்பாக, பிறகு பச்சையாக, ஐந்தாம் நாளுக்குள் மஞ்சளாக மாற வேண்டும். டயப்பரில் செங்கல் தூள் போல ஆரஞ்சுக் கறை முதல் ஓரிரு நாள் தெரிந்தால் பரவாயில்லை. ஐந்தாம் நாளும் தெரிந்தால் பால் போதவில்லை.

குழந்தை மார்பை வாயில் பிடிக்கும் விதம், அதாவது பிடி, சரியில்லாததுதான் பெரும்பாலான வலிக்கும் பால் பற்றாமைக்கும் காரணம். குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றை ஒட்டி இருக்கட்டும், காம்பு அதன் மூக்குக்கு நேராக இருக்கட்டும். கொட்டாவி விடுவது போல வாயை அகலத் திறக்கும் வரை காத்திருங்கள். திறந்ததும் குழந்தையை மார்புக்குக் கொண்டுவாருங்கள், குனிந்து மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோகாதீர்கள், முதுகுதான் போகும். முகவாய் மார்பில் அழுந்தி, மூக்கு விலகி இருக்க வேண்டும். காம்பைச் சுற்றிய கருவட்டம் மேலுதட்டுக்கு மேலே கூடுதலாகவும் கீழே குறைவாகவும் தெரிய வேண்டும். குடித்து முடித்ததும் காம்பைப் பாருங்கள். உருண்டையாக இருந்தால் பிடி சரி. புது லிப்ஸ்டிக் முனை மாதிரி ஒரு பக்கம் சரிந்து நசுங்கியிருந்தால் பிடி மேலோட்டம். முதல் அரை நிமிடத்துக்கு மேல் வலி நீடித்தால், சுண்டுவிரலை வாயோரமாக நுழைத்துக் காற்றை விட்டு எடுத்து, மறுபடி பிடிக்கவையுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வதில் யாருக்கும் லாபமில்லை, புண்தான் ஆகும்.

மாலை நேரத்தில் குழந்தை அரைமணிக்கு ஒருமுறை குடிக்கக் கேட்கும். இரண்டு மூன்று மணி நேரம் இப்படியே போகும். சுற்றியிருப்பவர்கள் "பால் பத்தல" என்பார்கள். உடனே ஒரு புட்டி பால் கொடுக்கப்படும், குழந்தை தூங்கும், சொன்னது நிரூபணமாகிவிடும். ஆனால் உறிஞ்சினால்தான் சுரக்கும். ஒரு வேளை உறிஞ்சவில்லை என்றால் உடம்பு அந்த வேளைக்கான சுரப்பைக் குறைக்கும். இரண்டு வாரம் தினமும் இது நடந்தால், இல்லாத பற்றாக்குறை உண்மையாகவே வந்துவிடும். டயப்பர் கணக்கும் எடையும் சரியாக இருந்தால் மாலைப் பிடுங்கலைச் சகித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். எடை ஏறவில்லை, டயப்பர் காய்ந்து கிடக்கிறது, குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் தூங்குகிறது என்றால், "தாய்ப்பால் மட்டும்தான்" என்ற உறுதி வெறும் பிடிவாதம். முதலில் குழந்தையின் வயிறு நிறைய வேண்டும், மார்பைப் பம்ப் செய்து சுரப்பைக் காப்பது அடுத்தது, பிடியைச் சரிசெய்வது அதற்கும் அடுத்தது. பார்முலா பால் கலக்கும்போது தண்ணீரை முதலில் அளந்து, பிறகு டப்பாவில் சொன்ன கரண்டிக் கணக்கில் தலைதட்டிய பொடியைப் போடுங்கள். பொடி முழுக்கக் கிருமி நீக்கப்பட்டதல்ல என்பதால் குறைந்தது 70 டிகிரி செல்சியஸ் சூட்டுத் தண்ணீரில் கலந்து, ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். நீர்க்கக் கலந்தால் குழந்தையின் ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரைக்கும் போகும். குடித்து மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள்.

அழுகை. பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து கூடிக்கொண்டே போய், ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்தைத் தொட்டு, மூன்று நான்கு மாதத்தில் இறங்கும். உச்சத்தில் நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரம் அழுவது நோய் இல்லாத குழந்தையிலும் உண்டு. பசி, ஈரம், ஏப்பம், சூடு, தூக்கம் என்று வரிசையாகப் பாருங்கள். சூடு குளிரைக் கையில் காலில் பார்க்காதீர்கள், அவை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். பிடரியில் கை வைத்துப் பாருங்கள். எதிலும் காரணம் கிடைக்கவில்லை என்றால் உடுப்பை முழுக்கக் கழற்றி, கால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். பிரசவத்துக்குப் பின் தாய்க்கு முடி கொட்டும். அதில் ஒரு இழை சாக்ஸுக்குள் போய் விரலைச் சுற்றி இறுகி, விரல் நுனி சிவந்து வீங்கியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. இழையைப் பிடித்து எடுக்க முடியவில்லை என்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இதிலும் இல்லையென்றால், காரணமே இல்லாத அழுகையாக இருக்கலாம். இங்கேதான் நல்ல எண்ணம் உள்ளவர்கள் உடைகிறார்கள். "எவ்வளவோ செய்கிறேன், ஏன் அடங்க மாட்டேன் என்கிறது" என்ற எண்ணம் கோபமாக மாற ஒரு நிமிடம் போதும். கோபம் கைக்கு வருவது தெரிந்தால் குழந்தையை அதன் படுக்கையில் மல்லாக்கக் கிடத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து பத்து நிமிடம் நில்லுங்கள். அந்தப் பத்து நிமிட அழுகையால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. உலுக்கினால் ஆகும்: தலை கனம், கழுத்து வலுவில்லை, மூளை மண்டைக்குள் முன்னும் பின்னும் மோதி ரத்தநாளங்கள் அறுந்துபோகும். சில வினாடி உலுக்கலில் பார்வை போன குழந்தைகளும் உயிர் போன குழந்தைகளும் உண்டு. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஒவ்வொருவரிடமும், தாத்தா பாட்டி உட்பட, இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

காத்திருக்கக் கூடாத சில: மூன்று மாதத்துக்குள் 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல், உடம்பு சில்லிட்டுத் துவண்டிருப்பது, பால் குடிக்க மறுப்பது, பிறந்த முதல் 24 மணி நேரத்தில் தெரியும் மஞ்சள் காமாலை, வெளிறிய மலம், நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, மூச்சிழுக்கும்போது விலா உள்வாங்குவது, உதடு நீலம் பாய்வது. மூச்சை எண்ணும்போது முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். பிறந்த குழந்தை வேகமாக மூச்சுவிட்டு, ஐந்து பத்து வினாடி நிறுத்தி, மறுபடி தொடங்கும். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்கு தப்பும்.

அடுத்தது, ஆலோசனை. எல்லோரும் சொல்வார்கள். கேட்டதையெல்லாம் செய்வதும் பணிவில்லை, எதையும் கேட்காமல் இருப்பதும் பணிவில்லை. மூன்று கூறாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று, ஆபத்தானவை: ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் தடவுவது (அதில் இருக்கக்கூடிய பாட்டுலிசக் கிருமியின் வித்துகள் சிசுவின் குடலில் முளைத்துத் தசையை முடக்கும்), ஆறு மாதத்துக்குள் தண்ணீர் கொடுப்பது, குப்புறப் படுக்கவைப்பது. இவற்றில் விட்டுக்கொடுக்காதீர்கள். இரண்டு, செய்தாலும் செய்யாவிட்டாலும் ஒன்றுதான் என்பவை. அவர்கள் மனசுக்காக விட்டுவிடுங்கள். மூன்று, அனுபவத்தால் மட்டும் வருபவை: குளிப்பாட்டும்போது வழுக்கும் உடம்பை அக்குளில் விரல் மாட்டிப் பிடிப்பது, தோளில் போட்டு ஏப்பம் வரவழைப்பது, அழுகைகளை வேறுபடுத்திக் கேட்பது. இவற்றை எந்தப் புத்தகமும் சொல்லித்தராது. பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள்.

ஆபத்தான ஆலோசனையை மறுக்கும்போது "அதெல்லாம் அந்தக் காலம்" என்று தொடங்கினால் சண்டைதான். அம்மாவோ மாமியாரோ அன்றைக்கு டாக்டர் சொன்னதைத்தான் செய்தார்கள். "அப்ப அப்படித்தான் சொன்னாங்க அத்தை, இப்ப மாத்திட்டாங்க. அடுத்த தடவை டாக்டர்கிட்ட நீங்களும் வாங்க, கேட்டுக்கலாம்" என்று சொல்லி, உண்மையாகவே அழைத்துப் போங்கள். யார் பெற்றவர்களோ அவர்களிடம் அவர்கள் பிள்ளையே பேசுவது நல்லது. மருமகள் வாயால் வரும் அதே வார்த்தைக்கு எடை வேறு.

கணவன் மனைவிக்குள் இன்னொரு பள்ளம் இருக்கிறது. முதல் வாரத்தில் அதிகம் செய்தவர் தேர்ந்துவிடுவார், மற்றவர் எடுபிடியாகிவிடுவார். "என்ன செய்யணும்னு சொல்லு, செய்யறேன்" என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் யோசிக்கும் வேலை முழுக்க ஒருவர் தலையிலேயே தங்கிவிடுகிறது. வேலையைத் துண்டாகக் கொடுக்காமல் முழுசாகக் கொடுங்கள். குளியல் அப்பாவுடையது என்றால், வெந்நீர் சூடு பார்ப்பது, மாற்றுத்துணி எடுத்துவைப்பது, சோப்பு தீர்வதற்குள் வாங்குவது வரை அவருடையது. தண்ணீர் 37 டிகிரியை ஒட்டி இருக்கட்டும், கையை நம்பாமல் முழங்கையை விட்டுப் பாருங்கள். அவர் டயப்பரைத் தளர்வாகக் கட்டினால் திருத்தாதீர்கள். ஒருமுறை ஒழுகினால் அடுத்த முறை இறுக்கிக் கட்டுவார். தோளுக்குப் பின்னால் நின்று திருத்தினால், மூன்றாம் நாள் அவர் கட்டவே மாட்டார்.

இரவை இரண்டாக வெட்டுங்கள். ஒன்பதிலிருந்து இரண்டு வரை ஒருவர், இரண்டிலிருந்து ஏழு வரை மற்றவர். தாய்ப்பால் மட்டும் என்றால், அப்பாவின் முறையில் குழந்தையைத் தூக்கிவந்து மார்பில் விடுவது, ஏப்பம் எடுப்பது, டயப்பர் மாற்றுவது, தூங்கவைப்பது எல்லாம் அவர் பார்ப்பார். அம்மா எழுந்து உட்காரக்கூட வேண்டாம். எட்டு மணி நேரம் துண்டு துண்டாகத் தூங்குவதை விட நான்கைந்து மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்குவது மனிதரை மனிதராக வைத்திருக்கும்.

தூக்கத்தோடு ஒட்டியது மனநிலை. பிரசவமாகி மூன்று நான்கு நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலான தாய்மாருக்கு உண்டு, இரண்டு வாரத்தில் தணியும். அதற்கு மேல் நீடித்தால், குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வரவில்லை என்றால், குழந்தையைப் பார்த்தால் எதுவுமே தோன்றவில்லை என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம், சிகிச்சைக்குச் சரியாகும். இந்த மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க 1987-இல் வந்த எடின்பரோ அளவுகோல் என்ற வினாத்தாள் பத்தே கேள்விகள், ஐந்து நிமிடம். மருத்துவரிடம் கேட்டால் தருவார். அப்பாக்களிலும் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது வருகிறது. அவர்களிடம் பெரும்பாலும் எரிச்சலாகவும், வீட்டுக்குத் தாமதமாக வருவதாகவும்தான் தெரியும். தற்கொலை எண்ணம், குழந்தைக்குத் தீங்கு செய்யச் சொல்லும் குரல், தூக்கமே தேவைப்படாத பரபரப்பு ஆகியவை அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை.

கடைசியாக, எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிடும் ஆசை. எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் 1970களிலிருந்து தாயும் சிசுவும் முகம் பார்த்து விளையாடுவதைப் படமெடுத்து, நொடி நொடியாக ஆராய்ந்தார். நன்றாக ஒட்டிப் பழகும் ஜோடிகளிலேயே இருவரும் இசைந்திருந்த நேரம் சுமார் 30 சதவீதம்தான். மற்ற நேரமெல்லாம் தப்பிப்போவதும், கண்டுகொண்டு திரும்பச் சேர்வதுமாக இருந்தது. அந்தத் திரும்பச் சேர்வதில்தான் குழந்தை எதையோ கற்றுக்கொள்கிறது என்பது அவர் முடிவு. "போதுமான அளவு நல்ல தாய்" என்று பிரிட்டிஷ் மருத்துவர் டொனால்டு வின்னிகாட் 1950களில் எழுதியதும் இதை ஒட்டித்தான்.

இதை மூன்று மாதக் குழந்தையிடம் நேரிலேயே பார்க்கலாம். ஒரு முழ தூரத்தில் முகத்தை வைத்துப் பேசுங்கள். அதுவும் வாயைக் குவித்து, காலை உதைத்துப் பதில் சொல்லும். கொஞ்ச நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நம் கை உடனே கிலுகிலுப்பையைத் தேடும், முகம் அது திரும்பிய பக்கமே போகும், குரல் உயரும். அதெல்லாம் வேண்டாம். அதற்குத் திகட்டிவிட்டது, ஓய்வு எடுக்கிறது. முகத்தை இருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு பேசாமல் இருங்கள். சில வினாடியில் அதுவே திரும்பிப் பார்க்கும், அப்போது விட்ட இடத்திலிருந்து பேசலாம்.